மேளம் காத்திருந்த இருபது நிமிடம்

நனைந்த வேட்டியில் குதிரையின் வியர்வை ஏறினால் ஒரு வாசனை வரும். ஈர வைக்கோலும் உப்பும் கலந்த அந்த வாசனை இன்றும் எங்கேயாவது மூக்கில் பட்டுவிட்டால் போதும், ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணாகி, ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு குதிரையின் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

ஸ்டெல்லா அக்கா பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குப் பின்தெருக்காரி. நெடுஞ்சாலையோரம் இருந்த குதிரையேற்றப் பள்ளி ஒன்றில் லாயம் கூட்டும் வேலை பார்த்தாள். அங்கே மைனா என்கிற பழுப்புக் குதிரை அவள் குரலுக்கு மட்டும் காதைத் திருப்பும். அதைப் பார்த்த முதலாளி, தாமல் ஏரிக்கரையில் தொடங்கித் திருமுக்கூடலில் முடியும் நாற்பது கிலோமீட்டர் நெடுந்தூரக் குதிரை ஓட்டத்துக்கு அவளையே அனுப்பச் சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். முடித்துவிட்டு வந்தால் அன்றிலிருந்து அவள் குதிரை ஓட்டுகிறவள். முடிக்காவிட்டால் மறுநாள் காலை அதே துடைப்பம்.

இந்த ஓட்டத்தில் வேகத்தைவிடக் குதிரையின் உடம்புதான் கணக்கு. பாதி வழியில் ஓரிக்கை ஆற்றங்கரையிலும், முடிவிலும் மருத்துவர் நிற்பார். வந்து சேர்ந்த இருபது நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்துநாலாகவாவது இறங்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே வெளியேற்றம். இரண்டு முறைதான் அவரிடம் காட்டலாம். தண்ணீர் ஊற்றவும் நாடி எண்ணவும் கூட நிற்கிறவர்களுக்கு ‘க்ரூ’ என்று பெயர். அக்காவுக்கு நானும் அவள் தம்பி அந்தோணி அண்ணனும். எங்கள் தெருக் காதில் அது ‘குரு’ என்று விழுந்துவிட்டது. “உம் பொண்ணு குதிரைக்கே குருவாமே!” என்று எதிர்வீட்டில் கேட்டபோது அம்மா மறுக்கவே இல்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று காலை தறியை நிறுத்திவிட்டு, தெருவில் முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கே வந்துவிட்டாள். எங்கள் ஊரில் குதிரை என்றால் குதிரை வாகனம். வாகனம் வந்தால் மேளம், கற்பூரம், சாம்பிராணி. இதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மூச்சு வாங்கினாலும் நிதானமாகத்தான் மைனா கரையேறியது. “குதிர வந்துக்கினு இருக்குதும்மா, ஏத்துங்க!” என்று அம்மா குரல் கொடுத்ததும் மேளம் வெடித்தது, “அரோகரா” எழுந்தது, சாம்பிராணிப் புகை நேரே மைனாவின் மூக்குக்குப் போனது. அது முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்றது. “மோளத்த நிறுத்துங்கப்பா!” என்று அக்கா கத்தியதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்ட மேளக்காரர் இன்னும் ஓங்கி அடித்தார்.

எல்லாம் அடங்கியதும் பதற்றத்தில் அந்தோணி அண்ணன் குதிரையை நேரே மருத்துவரிடம் இழுத்துப் போய்விட்டார். எழுபத்தாறு. “இன்னும் ஒரு வாட்டிதாம்மா. பன்னண்டு நிமிஷம் இருக்குது,” என்றார் மருத்துவர்.

அக்கா அழவில்லை. சேணத்தை அவிழ்த்துக்கொண்டே, “நெழலு வேணும், சத்தம் கூடாது. அவ்ளோதாம்மா,” என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அங்கே சீமைக்கருவேலத்தைத் தவிர மரமே இல்லை. அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. தான் செய்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “பாவு!”

விடிகாலையில் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரிசெய்வதுதான் பாவு நீட்டுவது. கவனம் சிதறினால் நூல் சிக்கும் என்பதால், “பாவு நீளும்போது நாக்கு நீளக்கூடாது” என்பார்கள் பெரியவர்கள். அந்த ஒரு சொல்லில் முப்பது வாயும் மூடிக்கொண்டன. மேல்துண்டுகளும் மாற்று வேட்டிகளும் முடிச்சுப் போடப்பட்டு, இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேராக இழுத்துப் பிடித்த துணிப்பந்தல் மைனா மிரளாதபடி பின்பக்கமிருந்து மெல்ல நகர்ந்து வந்து அதன்மேல் நிழல் போட்டது. மற்றவர்கள் குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றித் தந்தார்கள். ஒரு குடம்கூட இன்னொன்றில் இடிக்கவில்லை. அண்ணன் தண்ணீரை ஊற்றி ஊற்றி வழித்துவிட்டார், அக்கா நனைந்த வேட்டியைக் கழுத்தில் போட்டாள், நான் நாடியைப் பதினைந்து பதினைந்து நொடியாக எண்ணினேன். பதினெட்டு. பதினேழு. பதினாறு.

பதினாறு என்றால் சரியாக அறுபத்துநாலு. போகலாமா என்று அண்ணன் கண்ணால் கேட்டார். நான் தலையாட்டி மறுத்தேன். பத்தடி நடந்தால் ஒரு துடிப்பு ஏறும், ஒன்று ஏறினாலும் அக்கா கையில் துடைப்பம். நேரம் போய்க்கொண்டிருந்தது, விரலை எடுக்காமல் மறுபடி எண்ணினேன். கடைசி இரண்டு நிமிடத்தில் பதினைந்து வந்தது. மைனாவை மெல்ல மருத்துவரிடம் நடத்திப் போனோம்.

“அறுபத்திரண்டு. போகலாம்,” என்றார் அவர்.

யாரும் கத்தவில்லை. மேளக்காரர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

திருமுக்கூடலில், மூன்று ஆறும் கூடும் மணலில், அக்கா ஐந்தாவதாக வந்து சேர்ந்தாள். லோடு ஆட்டோவில் முன்னதாகவே போய் இறங்கியிருந்த எங்கள் தெருவே கையை மேலே தூக்கி, வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் “அரோகரா” போட்டது. பார்த்த மற்ற ஊர்க்காரர்கள் மிரண்டுபோனார்கள். மருத்துவர் நாடி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, கடைசியில் “பாஸ்” என்றார். அப்போது அடித்தார் பாருங்கள் மேளக்காரர்! அப்படி ஒரு மேளத்தை எந்தத் திருவிழாவிலும் நான் கேட்டதில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். மறுநாள் அந்தத் துடைப்பத்தை வேறு யாரோ எடுத்தார்கள்.

மைனா இப்போது இல்லை. ஆற்றோரத்து மண்தடம் தார்ச்சாலையாகிவிட்டது, ஓட்டமும் எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை. அக்கா அதே பள்ளியில் குதிரையேற்றம் கற்றுத் தருகிறாள். அவள் ஓடும் இடமெல்லாம் நான் இன்னும் ‘குரு’தான். போன வாரம் ஓர் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் வழிமறித்தாள், தானும் வேட்டி பிடிக்க வருவதாக. இப்போதெல்லாம் அங்கே நிழலுக்கு வலை கட்டியிருக்கிறார்கள் என்றேன்.

“வல கட்னா கட்டட்டும்மா. பாஸ் ஆச்சின்னா அரோகரா யாரு போடறது?”

வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.