புலி கால் கழுவிய நேரம்

ஒளிந்துகொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அந்த வித்தை கைவர இரண்டு தோல்விகள் ஆயின, அவ்வளவுதான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம். எனக்கு ஒன்பது வயது. மலாக்காவில் காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியை ஒட்டிய வாடகை வீட்டுக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். செட்டிகள் பழைய தமிழ் வம்சம்தான், ஆனால் பிள்ளைகள் பேசுவது மலாய். எனக்கோ அரைகுறை மலாய். பள்ளி விட்டு வந்ததும் அவர்கள் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் ‘ரிமாவ்’, அதாவது புலி. ஒருத்தி புலி, மற்றவர்கள் இரை. அவள் கையில் சிக்காமல் ஓடிவந்து மாமரத்தைத் தொட்டால் பிழைத்தோம். மூன்று முறை பிடிபட்டால் ஆட்டத்தில் அப்புறம் இடமே கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் புலியேதான்.

புலிக்குப் பன்னிரண்டு வயது. வெறுங்காலில் வருவாள், சத்தமே கேட்காது. தேடும்போது பேச்சும் இல்லை. நாக்கால் ‘டொக்’ என்று ஒரு சொடுக்கு மட்டும். யார் வீட்டிலாவது அலமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். டொக். நிமிர்ந்தால் அவள் முகம்.

முதல் இரண்டு நாளும் நேராக என்னிடமே வந்தாள். எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், குற்றவாளி நானேதான். வெறுங்காலில் நடந்தால் புழு ஏறும் என்று, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்த அப்பா எனக்குச் செருப்பு வாங்கித் தந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் செருப்புக்காரி நான் ஒருத்திதான். உயிருக்கு ஓடினாலும் அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கால் வருமா? வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒளிந்திருக்கிறேன்!

மூன்றாம் நாள் அம்மாவிடம் கெஞ்சினேன். “இன்னிக்கு மாட்டுனா என்னைய சேத்துக்க மாட்டாங்கம்மா. சிலிப்பர் வேணாம்மா.”

“சிலிப்பர் போடாம எறங்கு பாப்போம், அப்பா தோல உரிச்சிருவாரு.”

எனக்கு வேறு சிநேகிதம் கிடையாது. மாட்டினால் சாயங்காலம் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நினைக்கவே பயமாக இருந்தது.

செருப்போடுதான் போனேன். செட்டிகளின் குடும்பக் கோயில் வாசலில் அதை அழகாகக் கழற்றி வைத்தேன். பிறகு பின்பக்கமாகச் சுற்றிப்போய் வாழைக்கன்றுகளுக்கு நடுவே குந்திக்கொண்டேன். கோயிலுக்குள் போவதென்றால் புலியும் கால் கழுவித்தான் போக வேண்டும். உள்ளே ஓடவும் முடியாது, கும்பிடாமல் திரும்பவும் முடியாது.

டொக். வந்துவிட்டாள். இலை இடுக்கில் எட்டிப் பார்த்தேன், செருப்பையே பார்த்தபடி நின்றாள். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டதும் எடுத்தேன் ஓட்டம். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நெற்றியில் திருநீறு. என்னை மரத்தடியில் கண்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“சாமிகிட்ட என்ன கேட்ட, நான் மாட்டணும்னா?” என்று என் உடைந்த மலாயில் சீண்டினேன்.

இல்லை என்று தலையாட்டினாள். பிடித்தால் மூன்றாவது முறையாகிவிடுமே, நான் உள்ளே இருக்கக் கூடாது என்று கேட்டாளாம். கண்ணை இறுக மூடிக்கொண்டே நின்றாளாம், தேடவே இல்லையாம்.