அருவி ஸ்டாம்ப்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரகடம் பக்கத்தில் ஒரு கிளைத் தபால் நிலையத்தில் கவுண்டர் என்னுடையது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. வெறும் கவர்

கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் தேவி அக்கா, ஷிப்ட் முடிந்து நேராக வந்து ஒரு கவரை நீட்டினார். உள்ளே கடிதம் இல்லை. மேலே ஒரு தேசியப் பூங்காவின் அருவி அச்சிட்ட ஸ்டாம்ப். அதன்மேல் எங்கள் ஆபீஸ் முத்திரை.

"கல்யாணமான புதுசுல என் வூட்டுக்காரரு இந்த அருவிக்குத்தான் கூட்டிட்டுப் போனாரு. விளிம்புல நிக்க வெச்சு, இன்னும் பின்னாடி போ, இன்னும் போன்னு போட்டோ எடுத்தாரு. அவருகிட்டேர்ந்து தப்பிச்சுத்தான் இங்க வந்து ஹாஸ்டல்ல இருக்கேன். இது இந்த ஊரு முத்திரதானேம்மா? வந்துட்டாரா?"

போஸ்ட்மாஸ்டர் சிரித்தார். "இன்னாம்மா நீ! வெளியூர் தபாலும்மா இது. அங்க முத்திர குத்தாம வுட்டுட்டானுங்க, நாங்க குத்தினோம். போய் நிம்மதியா தூங்கு."

அப்படி நடப்பதுண்டு. ஆனால் வாசல் பெட்டியில் விழும் உள்ளூர்த் தபாலுக்கும் அதே முத்திரைதான். எங்கள் மேசையில் இரண்டும் ஒரே குவியலாகக் கிடக்கும்.

2. பெட்டி

மறுநாள் தபால் பை வரும் முன்பே வாசல் பெட்டியைத் திறந்தேன். அடியில் அதே அருவி. ஹாஸ்டல் விலாசத்தோடு இந்த முறை ஒரு வரி கூடுதல்: 'மாடி, ஜன்னல் ஓரக் கட்டில்.'

"சார், இது பையில வரல. பெட்டியில கெடந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "எடுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்கு ஓடும்மா. கவுண்டர நான் பாத்துக்கறேன்."

அக்கா அந்த வரியைப் படித்தார். ஜன்னலைப் பார்த்தார். யூனிபார்மை மாட்டிக்கொண்டு, அதே நிற யூனிபார்மில் ஏறிய பெண்களோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை.

3. கவுண்டர்

சில நாள் கழித்து ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல்.

"மேடம், அருவி ஸ்டாம்ப் இன்னும் இருக்கா? போன தடவ நீங்கதான் குடுத்தீங்க."

டிராயரில் அந்த ஸ்டாம்ப் பாதித் தாள் இருந்தது. "தீந்துடுச்சு சார்."

"பரவால்ல. அந்த ஹாஸ்டல் பொண்ணு எங்க போச்சு?"

"அதெல்லாம் சொல்ல மாட்டோம் சார்."

"நீங்க தெனம் எந்த பஸ்ஸுல வரீங்க?" சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பெட்டியில் மறுபடி ஒரு அருவி. விலாசத்தில் என் பெயர். உள்ளே எதுவும் இல்லை.

அந்தக் கவரை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். பிறகு நாளும் ஊரும் தெளிவாக விழும்படி முத்திரையை அழுத்திக் குத்தி, கவரை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இப்போது பைத் தபால் இடப்பக்கம், பெட்டித் தபால் வலப்பக்கம். பிரித்த பிறகே முத்திரையைத் தொடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.