மாப்பிள்ளையின் சாக்ஸ்

எனக்கு வாய் அதிகம். இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். அக்காவுக்கு முதலில் நிச்சயமான இடம் தட்டிப்போனது என் வாயால்தான் என்று ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் மாமா பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு போட்டோவுல இன்னும் கொஞ்சம் வெளுப்பா இருந்தாளே" என்றார். நான் வடை பரிமாறிக்கொண்டிருந்தேன். "உங்க பையனுக்குக்கூட போட்டோவுல முடி இருந்துச்சு" என்றேன். பாதி வடையோடு எழுந்து போனவர்கள்தான், திரும்பி வரவே இல்லை.

அதன்பிறகு மூன்று வருடம் அக்காவுக்கு ஒன்றும் அமையவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் யாராவது ஒரு புண்ணியவான், "தம்பிக்காரன் வாய்த்துடுக்கு, பாத்துக்கிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். அக்கா பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறாள். அவளைக் காட்டிலும் ஒரு முழம் உயர்ந்த பையன்கள் அவள் திரும்பிப் பார்த்தால் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார்கள். அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டு, என்னைப் பார்த்துப் பயந்து போனார்களாம். அப்பா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். "சாப்பிட்டானா?" என்று அம்மாவிடம் கேட்பதோடு சரி.

கடைசியில் பாளையங்கோட்டையில் இருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அம்பாசமுத்திரத்தில் மண்டபம் பிடித்தாயிற்று. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பும்போது அக்கா என்னை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"லே, நாளைக்குத் தாலி கட்டுத வரைக்கும் நீ வாயத் திறக்கப்படாது."

"அவங்க என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும். இதுவும் போச்சுன்னா அப்பா தாங்க மாட்டாரு. தெரியும்லா?"

"சாப்பிட மட்டும் திறந்துக்கிடட்டாக்கா?"

"இதத்தாம்லே சொல்லுதேன்" என்று மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. சரி என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

பிள்ளையார் கோயில் வாசலுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு குள்ளமான குதிரை நிற்கிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைக் காரில்தான் அழைத்து வருவார்கள். இந்த மாப்பிள்ளைக்குக் குதிரை வேண்டுமாம். போட்டோக்காரர் சொன்னாராம், வீடியோ நன்றாக வருமாம். மதுரையில் ஒரு வாடகைக் கடையில் இருந்து ராஜா கோட்டும் முழங்கால் வரை ஏறும் கறுப்பு பூட்ஸும் எடுத்து வந்திருந்தார்கள். பூட்ஸ் அவர் காலுக்கு ரொம்பப் பெரிது. கெண்டைக்கால் சதை என்பது அந்த மனிதருக்குப் பேருக்குத்தான் இருந்தது. உள்ளே போட்டிருந்ததோ ஆபீசுக்குப் போடும் மெல்லிய சாக்ஸ், அதுவும் எலாஸ்டிக் தொங்கிப்போனது. விளங்குமா?

குதிரை பத்தடி நடப்பதற்குள் இடது கால் சாக்ஸ் இறங்கிவிட்டது. முழங்கால் பூட்ஸில் இது ஒரு தனிப் பீடை. சாதாரண ஷூ என்றால் குனிந்து இழுத்துவிட்டுக்கொள்ளலாம். இதில் சாக்ஸ் இறங்கினால், பூட்ஸை முழுசாகக் கழற்றினால்தான் கை எட்டும். கழற்றாமல் விட்டால் குதிரை அசைய அசைய, குதிகால் சாக்ஸைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் அது விரலடியில் சுருண்டு உட்கார்ந்துவிடும். வெறும் கால் தோலில் உரசும், எரியும். மாப்பிள்ளை குதிரை மேலிருந்தே முகத்தைச் சுளித்தார்.

"யாராவது வாங்களேன்" என்றார்.

அவருடைய தோழர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, காலுக்கு மச்சினன்தாம்லா பொறுப்பு. நீங்களே பாத்துக்கிடுங்க."

இதை விளக்க வேண்டும். மண்டப வாசலுக்கு மாப்பிள்ளை வந்து நின்றதும், பெண்ணின் தம்பி அவர் காலைத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். அது முறை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மரியாதையாகச் செய்தால் அழகான காரியம். ஆனால் வாசலில் செய்ய வேண்டியதை அந்த அம்மாள் கோயிலில் இருந்தே ஆரம்பித்து வைத்தார். கால் என்னுடைய பொறுப்பு என்றால் பூட்ஸும் என்னுடையது, சாக்ஸும் என்னுடையது! என்ன கணக்கு இது?

குனிந்தேன். மாப்பிள்ளை இறங்கவில்லை. குதிரை மேல் உட்கார்ந்தபடியே காலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பூட்ஸைக் குதிகாலில் பிடித்து இழுத்தேன். குதிரை ஒரு பக்கம் நகர்ந்தது, நானும் கூடவே நகர்ந்தேன். சாக்ஸை ஏற்றிவிட்டு பூட்ஸை மாட்டினேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்வதற்குள், "இந்தக் கால்" என்றார்.

போட்டோக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "சார், அப்படியே இருங்க, கல்யாணத்துல இதெல்லாம் கியூட்" என்று பக்கத்தில் வந்து எடுத்தார். ஊர்வலம் அப்படியே மண்டபத்துப் பெரிய திரையில் படமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துபாயில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் செல்போனில் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் காலரில் ஒரு சின்ன மைக் வேறு. படமெடுக்க வசதியாக மேளத்தையும் நிறுத்திவிடுவார்கள். அக்காவும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பார்க்கட்டும், தம்பி வாயே திறக்கவில்லை என்று நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

சன்னதித் தெரு முக்கில் சாக்ஸ் மறுபடியும் இறங்கியது. மாலைக் கட்டில் இருந்து வாழைநார் உருவி, முட்டிக்குக் கீழே சாக்ஸோடு சேர்த்துக் கட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் அறுந்தது. போட்டோக்காரரிடம் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் வாங்கி ஒட்டினேன். வியர்வையில் அது சாக்ஸை விட்டுவிட்டு முடியைப் பிடித்துக்கொண்டது. "லே, உரிச்சிராதே!" என்று மாப்பிள்ளை கத்தினார். குதிரைக்காரப் பாய் மேலப்பாளையத்துக்காரர். என் காதோரம், "தம்பி, குதிரைக்குக்கூட நான் இம்புட்டு சேவகம் செய்யல" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் முழுங்கினேன்.

எனக்கு இதற்கு வைத்தியம் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தபோது பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, சாக்ஸின் மேல் மாட்டி, விளிம்பை அதன் மேல் மடித்துவிடுவோம். எத்தனை நேரம் அணிவகுத்தாலும் இறங்காது. வழியில் ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தது. ஓடிப்போய் இரண்டு வளையம் வெட்டி வாங்கி வந்தேன். நல்லது செய்யத்தான் ஓடினேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "டியூபா? என்ன, எனக்குப் பஞ்சர் ஒட்டப் போறியா?" என்று தூக்கி எறிந்தார். தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வளையம் சாக்கடையில் போய் விழுந்தது. "நீ பாட்டுக்கு இழுத்து இழுத்து விடு. வேற என்ன வேலை உனக்கு?"

அடப்பாவி! வேலை இல்லாதவன் மாதிரியா இருக்கிறேன்? நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. நல்ல பதில், இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. சொல்லவில்லை. குனிந்தேன். சாரல் வேறு பிடித்துக்கொண்டது. தரையில் முட்டி போட்டால் வேட்டி நனைகிறது. பட்டு வேட்டி, அம்மா பார்த்துப் பார்த்து எடுத்தது.

இப்படியே ஒவ்வொரு முக்கிலும் காலை நீட்டுவதும் நான் குனிவதுமாக ஊர்வலம் வந்தது. பிறகெல்லாம் அவர் வாயால் சொல்வதைக்கூட விட்டுவிட்டார். பூட்ஸ் நுனியால் என் தோளில் தட்டுவார், நான் குனிய வேண்டும். மண்டபத்துக்குப் பக்கத்தில் வரும்போது தோழர்களில் ஒருத்தன், "மாப்ள, நாளைக்கு மச்சினன் பெங்களூருக்கும் கூட வருவானா?" என்று கேட்டான்.

"இவன் எதுக்கு? இவன் அக்கா எதுக்கு வாரா?" என்றார் மாப்பிள்ளை. "வீட்ல எனக்கு அம்மாதாம் சாக்ஸ் மாட்டி விடுவாங்க. இனிமே அது அவ வேலை. காலைல நான் கால நீட்டுவேன், அவ குனியணும். டீச்சர், கீச்சர்னு நெட்டுக்குத்தா நின்னா நடக்குமா? பைய பழக்கிரலாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னலே, நல்லாத்தான குனியுத? அக்காவுக்கும் சொல்லிக்குடு."

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில்தான் நின்றார். "போடா, கேலிக்கார பய" என்று செல்லமாகச் சிரித்தார். இனி எனக்கு மாப்பிள்ளையை 'அவர்' என்று எழுத வரவில்லை, அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். அவனுடைய கால் அப்போது என் கையில் இருந்தது. ஒரே இழுப்பு இழுத்தால் குதிரையை விட்டுத் தெருவுக்கு வந்திருப்பான். உதட்டைக் கடித்ததில் வாய் உப்புக் கரித்தது. அப்பா மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பது தெரிந்தது. பூட்ஸை மாட்டிவிட்டு எழுந்தேன்.

வாசலில் தாம்பாளம் வைத்திருந்தார்கள். அவன் குதிரையை விட்டு இறங்கி நின்றான். பூட்ஸைக் கடைசித் தடவையாக உருவினேன். சாக்ஸ் வழக்கம்போல் விரலடியில் சுருண்டு, ஈரமாக, நாறிப்போய்க் கிடந்தது. அவன் காலை உதறினான். அது என் தோளில் வந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "அத அங்கன பிழிஞ்சு காயப் போடு" என்றான். குதிகால் உரசிச் சிவந்திருந்தது. எனக்கு அதில் ஒரு துளி இரக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விரல் விரலாகத் துடைத்தேன். மோதிரத்தை என் விரலில் திணித்துவிட்டு, "கூலி வாங்கியாச்சுல்லா?" என்றான்.

அப்பா சந்தனக் கிண்ணத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். முதுகில் கை வைத்தார். "நல்லபடியா முடிச்சுட்டே" என்றார். மூன்று வருடத்தில் அவர் நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வேகத்தில் மாடிக்கு ஓடினேன். அக்கா அறையில் தனியாக இருந்தாள். பாதி அலங்காரம் முடிந்திருந்தது. அலங்காரம் செய்கிற பெண்ணை வெளியே அனுப்பியிருந்தாள். முன்னால் மேசையில் செல்போன் நின்றது. அதில் இன்னும் மண்டப வாசல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியாக்கா? ஒரு வார்த்தை பேசல" என்றேன்.

"பாத்தேன்."

"என்ன சொன்னாலும் பேசலக்கா. மோதிரத்தப் போட்டுட்டு, 'கூலி வாங்கியாச்சுல்லா'ன்னு கேக்கான். அப்பவும் பேசல."

"எல்லாம் பாத்தேன், எல்லாம் கேட்டேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "பைய பழக்கிரலாம்னு சொன்னதையும் கேட்டேன்."

அவள் என் வேட்டியைப் பார்த்தாள். இரண்டு முட்டியிலும் சேறு அப்பியிருந்தது.

"என்னைக்குலே நீ நான் சொன்னதக் கேட்டிருக்கே?" என்றாள். "வெயில்ல சுத்தாதன்னா சுத்துவே. படின்னா படிக்க மாட்டே. பேசாதன்னா பேசுவே. இத்தனை வருசம் ஒண்ணு கேட்டதில்ல. இன்னைக்குன்னு பாத்து, கோட்டிக்காரப் பயலே, நான் சொன்னதக் கேட்டுட்டு வந்து நிக்கே!"

"நீதானக்கா சத்தியம் வாங்குனே!"

"வாங்குனேன். ஒவ்வொரு தடவ நீ குனியும்போதும், இப்பப் பேசுவான், இந்தா இப்பப் பேசிருவான்னு இந்த போனயே பாத்துக்கிட்டு இருந்தேன்." அழுதாள். மை கன்னத்தில் இறங்கியது. "அப்பா மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாதுலே. நீ சொல்லிருவேன்னு இருந்தேன்."

கீழே பந்திக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அப்பாவின் கை என் முதுகில் இருந்தது இன்னும் தெரிந்தது. இப்போது கீழே போய் வாயைத் திறந்தால், அந்தக் கை இனி எத்தனை வருடத்துக்கு என்னைத் தொடாதோ தெரியாது. ஊர் என்ன சொல்லும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"அக்கா, இப்பத் திறக்கட்டுமா?"

அவள் நெற்றிச்சுட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

"திறலே" என்றாள். "பந்தியில கடைசி இலை வரைக்கும் கேக்கணும்."