கதண்டு கட்டிய மரம்

கடத்தூர்ப் பக்கத்தில் கிருஷ்ணப்பனிடம் யோசனை கேட்காமல் யாரும் பயிர் வைத்ததில்லை. கேட்காதவர்களுக்கும் அவரே வீடு தேடிப் போய்ச் சொல்லிவிடுவார். வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று மாந்தோப்பில் இறங்கியபோது, மரங்களும் பயணிகள் மாதிரிதான், அதட்டினால் அடங்கும் என்று நம்பினார்.

அந்த வருடம் செந்தூரா மரங்களில் செதில் பூச்சி ஏறியது. இலையின் அடியிலும் குச்சியிலும் பழுப்புச் செதில்போல ஒட்டிக்கொண்டு, நகராமல் சாறு உறிஞ்சும் பூச்சி. கிருஷ்ணப்பன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரோட்டுப் புழுதி" என்று தீர்ப்புச் சொன்னார்.

"புழுதிய நசுக்குனா தண்ணி வருமாங்க?" என்று கேட்டாள் மனைவி யுவராணி. அவர் அதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

பூச்சி கழித்த இனிப்பு நீரில் இலையெல்லாம் பிசுபிசுத்து, அதன்மேல் கரி பூசியதுபோலக் கறுத்து, அந்த இனிப்பைத் தின்ன எறும்புகள் சாரை சாரையாக ஏறிய பிறகுதான் புழுதிக்கு உயிர் உண்டென்று ஒப்புக்கொண்டார். உடனே விசைத் தெளிப்பான் ஒன்று வாங்கினார். மருந்துக்கடையில், "இருக்கறதுலயே காட்டமானது எது?" என்று கேட்டு, அதில் இரண்டைக் கலந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, போருக்குப் போகிறவர்போலத் தோப்புக்குள் நுழைந்தார்.

வெற்றிதான். பொறிவண்டு செத்தது, சிலந்தி செத்தது, தேனீ செத்தது. செதில் பூச்சி மட்டும் தன் ஓட்டுக்கடியில் சௌகரியமாக இருந்தது. தன்னைத் தின்ன வந்தவர்களையெல்லாம் ஒழித்துக் கொடுத்த புண்ணியவானை அது நன்றியோடு நினைத்திருக்கும். அடுத்த பருவத்தில் இரண்டு பங்காகப் பெருகியது.

மருந்து படாத மரம் ஒன்றே ஒன்று. மூலையில் கதண்டு, அந்த விஷக் குளவி, கூடு கட்டியிருந்த மரம். கிட்டே போன அன்று கதண்டு கொட்டி, குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், "அந்த மரத்துக்கு நோவே இல்ல" என்று அறிவித்துவிட்டார்.

தோட்டக்கலை அலுவலர் கோகிலவாணியை யுவராணிதான் போன் போட்டு வரவழைத்தாள். அந்த அம்மா தோப்பைச் சுற்றி வந்து மூலை மரத்தருகே நின்றார். இலைகள் பளபளவென்று இருந்தன. குச்சிகளில் பொறிவண்டுகள் ஊர்ந்தன.

"இதுக்கு மட்டும் மருந்தடிக்கலீங்களா?"

"வேணும்னேதான் விட்டு வெச்சேன் மேடம். ஒரு பரிசோதனை."

யுவராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோகிலவாணி சிரிக்காமல் சொன்னார்: "நல்ல பரிசோதனைங்க. பொறிவண்டு தின்னு தீத்திருக்கு. மத்த மரத்துலயும் அப்பிடியே பண்ணலாம்."

பூச்சி அப்பிய கிளைகளை வெட்டிக் கொளுத்தினார்கள். எறும்பு ஏறாமலிருக்க அடிமரத்தில் பட்டையாகத் துணி சுற்றி கிரீஸ் தடவினார்கள். செதில் பூச்சிக்கு எறும்பு காவல் இல்லையென்றால் பொறிவண்டுக்கு வேலை சுலபம். செதில் பூச்சியின் ஓடு கட்டாத குஞ்சுகள் ஊரும் சமயம் பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்தார்கள். கிருஷ்ணப்பன் மேற்பார்வை பார்த்தார். அதாவது, நிழலில் நின்றார். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே அரிவாளை வாங்கிக்கொண்டு மரமேறினார்.

இரண்டு மரங்கள் பிழைக்கவில்லை. மற்றவை மெதுவாகத் துளிர்த்தன. இந்த வருடம் காய் சுமார்தான், ஆனால் கறுப்பில்லாத காய்.

போன வாரம் பக்கத்துக் காட்டுக்காரன் மாது வந்து, கொய்யா இலை ஏன் மஞ்சளாகுது என்று கேட்டான். கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். மூடினார்.

"தெரிலப்பா. மேடத்தக் கேளு."

யுவராணி கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.