அடியில் தங்கிய மருந்து

1958-ஆம் வருடம் புரட்டாசியில் என் வயிற்றில் பற்றிய எரிச்சல், கார்த்திகை பிறந்தும் அணையவில்லை. நான் புதுக்கோட்டையில் தையல்காரன். மிஷின்மேல் குனிந்தால் உயிர் போகும். சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும், பிறகு நெஞ்சுவரை ஏறும். சபையார் கொடுத்த கிறிஸ்துமஸ் துணிகள் வெட்டாமலே குவிந்து கிடந்தன.

ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றுப்புண் என்றார். புளிப்பை அடக்க வெள்ளை மிக்ஸர் எழுதினார். கம்பவுண்டர் அதை என் புட்டியில் ஊற்றி, வேளைக்கு ஒரு கோடாக அளவு குறித்த காகிதம் ஒட்டி, "நல்லாக் குலுக்கிக் குடிங்க" என்று கொடுத்தார்.

வீட்டில் புட்டியை வேதப்புத்தகத்தின் பக்கத்தில் வைத்து ஜெபித்தோம். ஜெபித்து வைத்ததைப் போய் உலுக்குவதாவது என்று எனக்கு ஒரு பயம். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். மெல்லச் சாய்த்து, தெளிந்து நின்ற தண்ணீரை மட்டும் குடித்தேன். அடியில் படிந்தது வெறும் சுண்ணாம்பு என்று எண்ணம். புட்டி தீர்ந்ததும், மறுபடி மருந்து வாங்குவதற்காக, என் மனைவி ஞானம் அதை மணல் போட்டுக் கழுவிவிடுவாள். ஆறு வாரம் இப்படியே போயிற்று. இனியும் மருந்துக்குக் கேட்காவிட்டால் தஞ்சாவூரில் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் இருவரும் முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, மருந்தில் பலனைத் தாரும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன். எழுந்த கொஞ்ச நேரத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தேன். ஞானம் கழுவாத புட்டியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு என்னை வண்டியில் ஏற்றினாள். இதுதான் ஜெபத்துக்குப் பதிலா என்று வழியெல்லாம் மனம் கசந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்தார்கள். ஞானம் நீட்டிய புட்டியைக் கம்பவுண்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது? மருந்து பூராம் அடியில கெடக்கு! வெறுந்தண்ணியவா குடிச்சாரு?"

"ஜெபம் பண்ணி வச்சதுங்க. குலுக்கக் கூடாதுன்னாரு."

"ஏம்மா, குலுக்குனா ஜெபம் கொட்டியா போயிரும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு பாலும், நன்றாகக் குலுக்கிய மிக்ஸரும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. என் வயிற்றில் கத்தி படவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சபையார் பழைய துணிதான் உடுத்தினார்கள். ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

அன்று ரத்தம் வராதிருந்தால் அந்தப் புட்டியும் கழுவப்பட்டிருக்கும். நானும் தெளிந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே செத்திருப்பேன். கேட்டதைக் கேட்டபடியே ஆண்டவர் கொடுத்தார், எனக்குத்தான் புரியவில்லை.

வியாதியோடு இருக்கிற சகோதர சகோதரிகளே, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தைரியமாக ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். ஆமென் சொன்னதும் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள்.