அக்கா கொட்டிய சரள்

மொபெட்டின் முன்னால் ஒரு சாக்கு மூட்டை, பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய இன்னொரு மூட்டை. இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அக்கா கல்லூரி வாசலில் வந்து நின்ற அந்தக் காலைதான், அவளை நினைத்தால் முதலில் என் கண்ணுக்குள் வருகிறது. தாவணியை இழுத்துச் செருகியிருந்தாள். கல்லூரிக்கு உரம் வந்துவிட்டது என்று பையன்கள் கேலி பேசினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு எங்களோடு சேர்ந்தவள் என்பதால் வகுப்பு முழுவதற்கும் அவள் அக்காதான். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா செம்மறி வைத்திருந்தார். ஆட்டுக்கிடைக்குத் தண்ணீரும் கஞ்சியும் கொண்டுபோக வாங்கிய மொபெட்டில்தான் அவள் கோவில்பட்டிக்குப் படிக்க வந்தாள். கல்லூரி நேரத்துக்கு அந்த ஊருக்கு பஸ் கிடையாது. பொழுது சாய்வதற்குள் வண்டி கிடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாவோடு பேச்சு. வண்டி இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் வீடு. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் படிப்பு இப்படி ஏதாவது ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுடையது சின்னக் கல்லூரி. மைதானத்து ஓரமாக வெறும் கரிசலில்தான் வண்டிகள் நிற்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, ஸ்டாண்டு வெடிப்புக்குள் இறங்கிவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் போட ஆளாளுக்கு ஒரு தட்டைக்கல் வைத்திருப்பார்கள். மழை வந்தால் அந்தக் கல்லும் சேர்ந்து புதையும். அந்த ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. ஓர் ஓரத்தில் ஒரு வண்டி சாய, வரிசை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தது. உன் வண்டி விழுந்துதான் என் விளக்கு உடைந்தது என்று ஆரம்பித்த பேச்சு, சட்டை கிழிகிற சண்டையாகிவிட்டது. மறுநாளே கல்லூரி முதல்வர் தடை போட்டுவிட்டார். மாணவர் வண்டிகள் இனி வளாகத்துக்குள் நிற்கக் கூடாது.

எங்களில் பாதிப் பேருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. நான் கயத்தாறிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அக்காவுக்கு அப்படியில்லை. வாசலுக்கு வெளியே ரோட்டோரம் விட்ட சைக்கிள் ஒன்று அந்த வாரமே காணாமல் போனது. செய்தி எப்படியோ அவள் அப்பா காதுக்கும் போய்விட்டது. தீபாவளி வரைக்கும் பார்ப்பேன், அப்புறமும் வண்டி தெருவில்தான் நிற்கும் என்றால் வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

மழையில் குழைந்த களியில் சரள்கல் கொட்டினால் இறுகும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்து என்ன, நிர்வாகம் செய்யட்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அக்காவோ தன் ஊர் ஓடையில் சரளை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வண்டி உள்ளே போகக் கூடாது என்று காவலாளி மறித்தார்.

"நிக்கதுக்குத்தான அண்ணாச்சி கூடாதுன்னு போட்டிருக்காவ? நான் சரளை எறக்கிட்டு வெளிய வந்துருதேன்" என்றாள்.

அவர் வாசல் கதவைத் திறந்து விட்டுவிட்டார். மைதானத்து மூலையில் கொட்டி, காலால் மிதித்துப் பரப்பிவிட்டு, வண்டியைத் திரும்ப வெளியே கொண்டுபோய் விட்டாள். அடுத்த நாளும் மூட்டையோடு வந்தாள். அதற்கடுத்த நாளும். என்ன பிடிவாதம் அது! நான் வாழ்க்கையில் பார்த்த தைரியசாலிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இன்றைக்கும் அவளுக்குத்தான் முதல் இடம். கேலி செய்த பையன்களே சைக்கிள் கேரியரில் சரள் கொண்டுவர ஆரம்பித்தார்கள். நானும் ஒரு கூடைப்பை நிறைய பஸ்ஸில் கொண்டுவந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். முதல்வர் தன் அறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி அடித்துப் பெய்தது. மழை விட்டதும் அக்கா வாசலிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். காவலாளி கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. சரள் மேல் ஏற்றி, ஸ்டாண்டு போட்டு, கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். முதல்வர் வராந்தாவிலிருந்து இறங்கி, பூட்ஸ் காலோடு களியை மிதித்துக்கொண்டு வந்தார். ஹாண்டில்பாரைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். இன்னொரு தடவை பலமாக உலுக்கினார். வண்டி அசையவில்லை.

"பூட்டிக்கிட்டு கிளாஸுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அக்கா குனிந்து சாவியைப் போட்டாள். நுழையவில்லை. மறுபடியும் போட்டாள். இத்தனை நாள் மூட்டை தூக்கியவளுக்குச் சாவித்துளை பிடிபடவில்லை. சாவியை என்னிடம் நீட்டினாள். நான்தான் பூட்டினேன்.