எந்தக் கும்பிடு

முதுகுவலிக்கு மருந்து எழுதி அலுத்துப்போன டாக்டர், யோகாவுக்குப் போகச் சொன்னார். பணி ஓய்வுக்குப் பின் என்னை எங்காவது அனுப்பிவைக்க வீட்டிலும் வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு. முடியும்போது எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பி ‘நமஸ்தே’ சொல்ல வேண்டும்.

கலெக்டர் ஆபீசில் காலம் தள்ளியவனுக்குக் கும்பிடக் கற்றுத்தர வேண்டியதில்லை. யாருக்கு மார்பு வரை, யாருக்கு நெற்றி வரை என்பதெல்லாம் எழுதப்படாத அரசாணை. ஆனால் பயிற்சி தந்த அம்மா வேறு சொன்னார்.

“இது ஆளுக்கு இல்ல சார். நமஹன்னா வணக்கம், தேன்னா உங்களுக்கு. உங்களுக்குள்ள இருக்கறதும் எனக்குள்ள இருக்கறதும் ஒண்ணுதான். அதைத்தான் கும்புடுறோம். ‘ந மம’ன்னும் பிரிச்சி சொல்வாங்க, எதுவும் என்னுது இல்லைன்னு.”

எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், இது மேலிடத்துக்கான மனு. எதிரில் நிற்பவர் மனுவை மேலே அனுப்பிவைக்கும் வெறும் ‘தக்க வழி’. அவர் எப்படிப்பட்டவர் என்பது மனுதாரரின் கவலை இல்லை. நல்ல நடைமுறைதான்.

அதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினை. மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன்தான், சிதம்பரத்தில் இருக்கிறான். நான் வேலையில் இருந்தபோது பட்டா மாற்றத்தைச் சீக்கிரம் முடித்துத் தரச் சொல்லி வந்தவனுக்கு நான் விதிகளை வரிசையாக விளக்க, “உங்க ரூலுக்கு ஒரு பெரிய கும்புடு மாமா” என்று எழுந்து போனவன், பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளும் அங்கே போகவில்லை. போனால் புருஷனை விட்டுக்கொடுத்ததாகிவிடுமாம்.

“யாரு எவுருன்னே தெரியாதவங்களுக்கு தெனம் கும்புடுறீங்க. எந்தம்பிக்கு ஒருவாட்டி கும்புட்டா கொறஞ்சா போயிடுவீங்க? அவன் என்னை அக்கான்னு கூப்ட்டு வருசக்கணக்காவுது.”

வாதாடத் தெம்பில்லை. மறுநாள் பஸ் ஏறினோம்.

சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்த மச்சான் வாங்க என்று சொல்லாமல் நின்றான். நான் குனிந்து கைகூப்பினேன். வலியில் முகம் சுளித்திருக்க வேண்டும்.

“வாசல்லியே கும்புடு போட்டாச்சா? அவ்ளோ வெறுத்துப்போச்சா மாமா? அதைச் சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க?”

தமிழில் இது ஒரு தொல்லை. வணங்குவதற்கும் ஆளை விடு என்பதற்கும் ஒரே கும்பிடுதான். மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

“அந்தக் கும்புடு இல்ல மச்சான், இது நமஸ்தே. உனக்குக்கூட இல்ல, உள்ள இருக்கறவருக்கு.”

அவன் திரும்பி வீட்டுக்குள் பார்த்தான். கூடத்தில் அவனுடைய மாமனார் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவுருக்கா? அவுரு காது கேக்காத மனுசன். அவுரு என்னா பண்ணாரு உங்கள?”

முதலில் சிரித்தது மனைவிதான். கதவைப் பிடித்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள்.

“என்னாக்கா? சொல்லிட்டு சிரி” என்றவன், என்னவென்று தெரியாமலேயே தானும் சிரிக்கத் தொடங்கினான். அந்த ‘அக்கா’வில் அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தி அவனைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, வாசலை மறித்து நின்றவனைக் கையால் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் குனிந்தபடியே நின்றேன். பணிவெல்லாம் இல்லை, நிமிர முடியவில்லை. ‘தக்க வழி’ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

“மெதுவா மாமா, படி இருக்கு.”